பழைய ஐரோப்பியத் தெரு ஒன்றை நீர்வண்ணத்தில் படியெடுக்க: தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீர்வண்ணம் பழகுபவர்கள் முதலில் பூ வரைவார்கள், அப்புறம் மலையும் ஏரியும். கட்டடம் என்றதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். கோடு கோணலாகிவிடும், ஜன்னல் சரிந்துவிடும், பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப்போகப் பொருட்கள் சிறுத்துத் தெரியும் கணக்கு) வராது என்ற பயம்தான். அந்தப் பயம் போக, 1820, 1830-களில் பிரிட்டிஷ் ஓவியர்கள் வரைந்த பழைய நகரத் தெருக்களைப் படியெடுக்கலாம். அந்தப் படங்களில் வீடுகள் உண்மையிலேயே சரிந்துதான் நிற்கின்றன. கூரை தொய்ந்திருக்கிறது, மேல்மாடி தெருவுக்குள் எட்டிப் பார்க்கிறது, சுவர்ப் பூச்சு உதிர்கிறது. ரொமான்டிக் காலத்து ஓவியர்கள் கடல் கடந்து தேடிப்போனதே இதற்காகத்தான். கை நடுக்கத்தைக்கூட இந்தத் தெருக்கள் தாங்கிக்கொள்ளும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெப்போலியனுடன் நடந்த போரால், இடையில் வந்த குறுகிய சமாதானங்கள் தவிர, 1815 வரை ஆங்கிலேயர்கள் பிரான்ஸ் பக்கம் போக முடியவில்லை. போர் முடிந்ததும் ஓவியர்கள் கிளம்பினார்கள். பிளிமத்தில் பிறந்த சாமுவேல் ப்ரௌட் 1819-ல் முதல்முறையாக வட பிரான்ஸின் நார்மண்டிக்குப் போனார். அங்கே ரூவான் நகரத்து மரச்சட்ட வீடுகளைப் பார்த்தவர், மீதி வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த மாதிரித் தெருக்களுக்கே கொடுத்துவிட்டார். ரூவான், ஸ்ட்ராஸ்பூர்க், நூரம்பெர்க், பிராக் என்று எங்கே போனாலும் சந்தைக் கூட்டமும் சரிந்த வீடுகளும்தான். அதே காலத்தில் ரிச்சர்ட் பார்க்ஸ் பானிங்டன், தாமஸ் ஷாட்டர் பாய்ஸ் ஆகியோரும் பிரான்ஸின் தெருக்களை வரைந்தார்கள். நாம் ப்ரௌட்டை எடுத்துக்கொள்வோம்.

ஏன் பானிங்டன் வேண்டாம்? அவர்தான் இவர்களில் பெரிய கை. 1828-ல் காசநோயில் இறந்தபோது அவருக்கு 25 வயதுதான், அதற்குள் பாரிஸையே அசத்தியிருந்தார். ஆனால் அவர் படத்தில் எல்லாம் ஒரே தூரிகை வீச்சில் வந்து விழுந்தது போல இருக்கும். பார்க்க எளிது, செய்யப்போனால் கை ஓடாது. ப்ரௌட் அப்படியில்லை. முதலில் கோடு, அப்புறம் நிழல், கடைசியில் நிறம் என்று தன் வேலையைப் படிப்படியாக வெளியே காட்டுகிறார். அவர் ஓவிய ஆசிரியரும்கூட. மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்கள் போட்டவர் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும்.

படியெடுப்பது திருட்டு மாதிரி இருக்கிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். 1790-களில் லண்டனில் டாக்டர் தாமஸ் மன்றோ என்ற மருத்துவர் தன் வீட்டில் மாலை நேரங்களில் இளம் ஓவியர்களை உட்கார வைத்து, மற்ற ஓவியர்களின் படங்களைப் படியெடுக்கச் சொல்லிக் கூலியும் கொடுத்தார். அங்கே தாமஸ் கர்ட்டின் என்ற இளைஞர் கோடு போட, பின்னாளில் பெரும் புகழ் பெற்ற டர்னர் வாஷ் (தண்ணீரில் நீர்த்த நிறத்தைப் பரப்பும் பூச்சு) பூசினார். டர்னரே இப்படித்தான் பழகினார் என்றால் நமக்கென்ன தயக்கம்?

படத்தைத் தேர்ந்தெடுப்பது

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையமும் பதிப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகின்றன. அவற்றின் தளங்களில் ப்ரௌட்டின் பெயரைத் தேடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது தெருவின் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருக்கிற படமாக எடுங்கள். பேராலயத்தின் முகப்பு முழுவதும் வரும் படத்தை முதலில் தொடவே வேண்டாம். அத்தனை சிற்பத்தையும் வரைய உட்கார்ந்தால் ஒரு மாதம் போய்விடும்.

கிடைத்த படத்தை இரண்டு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கலரில், ஒன்று கறுப்பு வெள்ளையில். வேலையில் பாதி நேரம் கறுப்பு வெள்ளைப் பிரதியைத்தான் பார்க்கப்போகிறீர்கள். ஃபோனில் பார்த்து வரையலாமே என்பீர்கள். திரை பளிச்சென்று ஒளிர்வதால் நிழல்கள் உண்மையைவிட வெளிச்சமாகத் தெரியும், நிறமும் தூக்கலாகத் தெரியும். நுணுக்கம் பார்க்க மட்டும் ஃபோனைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பென்சில் தொடுமுன் பார்ப்பது

அரை மணி நேரம் சும்மா பாருங்கள். மூன்று விஷயம் பிடிபட வேண்டும்.

முதலாவது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. இறவாணத்தின் (கூரை வெளியே நீண்டிருக்கும் விளிம்பு) கீழே விழும் நிழலைப் பார்த்தால் உடனே தெரியும்.

இரண்டாவது, கண்மட்டக் கோடு, அதாவது வரைந்தவரின் கண் இருந்த உயரம், எங்கே என்பது. இதற்கு எளிய வழி, படத்தில் நிற்கும் மனிதர்களின் தலைகளைப் பார்ப்பது. சமதரைத் தெருவில் ஓவியர் நின்றுகொண்டு வரைந்திருந்தால், பக்கத்தில் நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். உடம்புதான் சின்னதாகிக்கொண்டே போகும். உட்கார்ந்து வரைந்திருந்தால் அந்த மட்டம் எல்லோருடைய இடுப்பையோ மார்பையோ வெட்டிப்போகும். எங்கே வெட்டினாலும் எல்லோரையும் ஒரே இடத்தில்தான் வெட்டும். இதைப் பிடித்துவிட்டால் பெர்ஸ்பெக்டிவில் முக்கால்வாசி முடிந்தது. நடைபாதை வருவதற்கு முந்தைய தெருக்களில் பெரும்பாலும் நடுவிலேயே சாக்கடை வாய்க்கால் ஓடும். அது படத்தில் தெரிந்தால், தெரு எப்படி உள்ளே போகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, படத்தில் உள்ள இடம் எது, எந்தக் காலம் என்பது. இது தேவையா என்று கேட்கலாம். எனக்கு இது பிடித்த வேலை என்பதால் சொல்கிறேன், ஆனால் வரையவும் உதவும். ரூவான் பேராலயத்தின் நடுக்கோபுர உச்சி 1822 செப்டம்பரில் இடி விழுந்து எரிந்துபோனது. இப்போது இருக்கும் 151 மீட்டர் உயர இரும்புக் கூர்கோபுரம் 1876-ல்தான் முடிந்தது. ஆகவே கூரைகளுக்கு மேல் நடுக்கோபுரம் மொட்டையாக இருந்தால், காட்சி அந்த இடைக்காலத்தது. அதை 'ஓவியர் மறந்துவிட்டார்' என்று நினைத்து இணையத்தில் இன்றைய புகைப்படத்தைப் பார்த்து ஊசி உச்சியைச் சேர்த்துவிடாதீர்கள். அதே ஊரில் தெருவுக்குக் குறுக்கே வளைவின் மேல் இருக்கும் புகழ்பெற்ற பெரிய கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான். மணியை மட்டும் காட்டும். 14-ஆம் நூற்றாண்டில் செய்த இயந்திரத்துக்கு நிமிடக் கணக்கு எதற்கு? அந்தக் கடிகாரம் உங்கள் படத்தில் வந்தால், பழக்கதோஷத்தில் இரண்டு முள் போட்டுவிட வாய்ப்பு அதிகம்.

தேவையான பொருட்கள்

காகிதத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு), நூறு சதவீதம் பருத்தி, கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது). ஏ4 அளவு போதும். மரக்கூழ்க் காகிதத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வாஷ் போட்டால் கீழே இருப்பது கிளம்பிவந்து சேறாகிவிடும். ப்ரௌட் காலத்து ஓவியர்கள் விரும்பி வாங்கிய வாட்மன் காகிதமும் பழைய துணிக்கந்தலில் செய்து, மேலே பசை ஏற்றி இறுக்கியதுதான். அதனால்தான் சுரண்டியும் தேய்த்தும் வரைய முடிந்தது.

ட்யூபில் ஐந்து நிறம் வாங்குங்கள்: எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், அல்ட்ராமரைன், பளிச்சென்ற ஒரு சிவப்பு. கறுப்பு வேண்டாம், பச்சையும் வேண்டாம். தூரிகையில் ரவுண்ட் 4, ரவுண்ட் 10 போதும். இவற்றோடு மூங்கில் அல்லது நாணல் பேனா ஒன்று, தண்ணீரில் கரையாத பழுப்பு மை. மை வாட்டர்ப்ரூஃப்தானா என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஈரத் தூரிகையால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பி நேரே படத்தில் இறங்க வேண்டாம்.

கோடு

காகிதத்தை ஒரு பலகையில் டேப் ஒட்டி நிறுத்துங்கள். முதலில் கண்மட்டக் கோட்டை மெலிதாகப் போடுங்கள். பிறகு தெருவின் இரண்டு பக்கத்துக் கட்டடங்களையும் மொத்தமாக இரண்டு பெரிய வடிவங்களாக, நடுவில் வானத்தை மூன்றாவது வடிவமாக வரையுங்கள். வானத்தின் வடிவத்தைச் சரியாகப் பிடித்தால் கூரைகள் தானாகச் சரியாகிவிடும். புதியவர்கள் ஒவ்வொரு வீடாகக் கட்டிக்கொண்டே போவார்கள். நாலாவது வீட்டுக்கு வரும்போது காகிதத்தில் இடம் இருக்காது.

ஸ்கேலை எடுத்து உள்ளே வையுங்கள். நேரான நகரத்துக்குத்தான் ஒரே மறைபுள்ளி (தூரம் போகும் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளி) சரிப்படும். இந்தத் தெருக்கள் வளைந்தவை. ஒவ்வொரு வீடும் கொஞ்சம் வேறு திசையில் திரும்பி நிற்கும். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடச் சற்று முன்னே தள்ளியிருக்கும். அதனால் வீட்டின் பக்கக்கோடு படிக்கட்டு மாதிரி வெளியே வந்து வந்து ஏறும். அந்தத் துருத்தலின் அடியில்தான் படத்தின் மிக அடர்ந்த நிழல் விழப்போகிறது. அதனால் அந்த இடங்களை மட்டும் அவசரப்படாமல் வரையுங்கள்.

பென்சில் வேலை முடிந்ததும் பேனா. ப்ரௌட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவர் படத்தை நன்றாகப் பெரிதாக்கி ஒரு ஜன்னலைப் பாருங்கள். சட்டத்தின் கோடு மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக வராது. தொடங்கும், விட்டுப்போகும், ஒரு புள்ளி, மறுபடி கொஞ்சம் கோடு. வெயில் படும் பக்கத்தில் கோடு ஏறக்குறைய காணாமலே போகும், நிழல் பக்கத்தில் தடித்து நிற்கும். கல் உதிர்வதை அவர் தனியாக வரையவில்லை, கோட்டையே உதிரவிட்டார். நாணல் பேனாவில் மை சீக்கிரம் தீர்ந்துபோவதும் இதற்கு வசதி. மை தீரும் நேரத்தில் வரும் வறண்ட கோட்டை வீணாக்காமல் வெயில் பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கட்டடங்களுக்கு மையில் தண்ணீர் சேர்த்து வெளிறச் செய்யுங்கள். அல்லது பேனாவே வேண்டாம், பென்சிலோடு விட்டுவிடுங்கள்.

எல்லா ஜன்னலையும் வரையத் தேவையில்லை. கண் முதலில் போகும் வீட்டில் நாலைந்து ஜன்னல் முழுசாக, மற்ற வீடுகளில் ஒரு மூலை, ஒரு நிழல், அவ்வளவுதான். மை காய ஒரு இரவு விடுவது நல்லது.

நிழல்

இனி கலர் பிரிண்டை ஒதுக்கிவைத்துவிட்டு கறுப்பு வெள்ளையைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் பழைய முறை, முழுப் படத்தையும் சாம்பல் நிறத்தில் நிழலிட்டுவிட்டு அதன்மேல் மெல்லிய நிறம் ஏற்றுவது. கர்ட்டின் போன்றவர்கள் அதைத் தூக்கிப்போட்டு நேரடியாக நிறத்திலேயே வேலை செய்தார்கள், நீர்வண்ணம் பெரிய கலையானதில் அதற்குப் பங்கு உண்டு. இருந்தாலும் தொடங்குபவர்களுக்குப் பழைய முறைதான் பாதுகாப்பு. நிழலையும் நிறத்தையும் ஒரே நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

அல்ட்ராமரைனோடு லைட் ரெட் கலந்து, நீலமும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஒரு சாம்பல் வரச் செய்யுங்கள். கிண்ணத்தில் தேவைக்கு இரண்டு மடங்கு கலந்துகொள்ளுங்கள், பாதியில் தீர்ந்தால் அதே சாயலை மறுபடி பிடிக்க முடியாது. மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெயில் காலத்தில் விசிறியும் சுற்றினால் வாஷின் ஓரம் நொடியில் காய்ந்து கோடு விழுந்துவிடும்.

பலகையைக் கொஞ்சம் சாய்த்து, பெரிய தூரிகையில் நிறைய எடுத்து, நிழல் பக்கத்து வீடுகள் முழுவதையும் மேலிருந்து கீழாக ஒரே வாஷில் மூடுங்கள். வீடு வீடாக நிறுத்தக் கூடாது. ஜன்னல், கதவு, மனிதர்களின் நிழல் பக்கம், தரையில் விழும் நிழல் எல்லாம் இந்த ஒரே வாஷில் சேர்ந்துவிட வேண்டும். வாஷின் கீழ் விளிம்பில் தண்ணீர் திரண்டு நிற்கும். அதைத் தூரிகையால் கீழே கீழே இழுத்துக்கொண்டே போனால் திட்டு விழாது. தரைக்கு நெருங்கும்போது கொஞ்சம் வெறும் தண்ணீர் சேருங்கள். வெயில் பட்ட தெருவிலிருந்து மேலே எழும் வெளிச்சம் நிழலின் அடிப்பகுதியை இளக்கும். இந்த ஒரு நுணுக்கம் இல்லாவிட்டால் நிழல் பக்கம் தார் பூசினதுபோல ஆகிவிடும்.

நன்றாகக் காய்ந்தபிறகு, அதே கலவையைக் கொஞ்சம் கெட்டியாக்கி, இறவாணத்தின் அடி, மாடித் துருத்தல்களின் அடி, வாசல்களின் உள்பக்கம் ஆகிய இடங்களில் மட்டும் இரண்டாவது தடவை. இப்போது தள்ளிநின்று பாருங்கள். நிறமே இல்லாமல் தெரு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் நிறம் ஏற்றி அதைக் காப்பாற்ற முடியாது. நிழலை இன்னும் ஒரு படி அடர்த்தியாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் குறை அதில்தான் இருக்கும்.

நிறம்

இது சீக்கிரம் முடிகிற வேலை. வெயில் சுவர்களுக்கு எல்லோ ஆக்கர் மிக மெலிதாக, ஓடுகளுக்கும் மரச்சட்டங்களுக்கும் பர்ன்ட் சியன்னா, நிழல் சுவர்களின் மேல் அங்கங்கே லைட் ரெட்டின் வெதுவெதுப்பு. சாம்பல் வாஷின் மேல் பூசும்போது ஒரே வீச்சு, தேய்க்கக் கூடாது. வானத்துக்கு அல்ட்ராமரைன் கொஞ்சம். தெருவின் நடுவில் ஒரு பகுதியை வெறும் காகிதமாகவே விட்டுவிடுங்கள்.

மூலப் படத்தின் வானம் லேசாக இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அப்படியே படியெடுக்குமுன் யோசியுங்கள். அந்தக் காலத்தில் இன்டிகோவையும் இந்தியன் ரெட்டையும் கலந்து மேகச் சாம்பல் செய்வது வழக்கம். இன்டிகோ என்பது நம் அவுரி நீலம்தான், அப்போது பெருமளவு வங்காளத்திலிருந்து கப்பலேறியது. அது வெளிச்சத்தில் வெளுக்கும், மண்நிறமான சிவப்பு வெளுக்காது. இருநூறு வருடத்தில் நீலம் போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சிய வானங்கள் நிறைய உண்டு. அதை மாலை வெயில் என்று நினைத்துச் செந்நிறம் ஏற்றினால், கீழே விழுந்திருக்கும் நண்பகல் நிழலோடு ஒட்டாது. நான் இருந்தால் சாம்பல் வானமே போடுவேன்.

மனிதர்கள்

ப்ரௌட்டின் தெருவில் எப்போதும் கூட்டம் இருக்கும். வெள்ளைத் தலைத்துணி போட்ட சந்தைப் பெண்கள், கூடை, துணிப்பந்தல், ஒரு வண்டி. அவர்கள் அழகுக்கு மட்டும் நிற்கவில்லை. வீடு எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லவும், காலியான தரையை மறைக்கவும் நிற்கிறார்கள்.

முகம் வரைய வேண்டாம். தலையைக் கண்மட்டத்தில் ஒரு சின்னப் பொட்டாக வையுங்கள், அதன்கீழ் தோளிலிருந்து தரைவரை ஒரே தூரிகைத் தடம். தனித்தனியாக வரிசையில் நிறுத்தாமல் மூன்று நான்கு பேரை ஒட்டவைத்து ஒரே வடிவமாக்குங்கள், கீழே நிழலால் தரையோடு கட்டுங்கள். அந்தப் பளிச்சென்ற சிவப்பை இப்போதுதான் திறக்க வேண்டும். ஒரு பெண்ணின் சால்வைக்கு ஒரு தொடுகை, தூரத்தில் இன்னும் சின்னதாக ஒன்று. மூன்றாவது வேண்டாம். படம் முழுவதும் மண்ணும் சாம்பலுமாக இருக்கும்போது அந்த ஒரு சிவப்பு எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதைப் பார்த்தால் நீங்களே நிறுத்திக்கொள்வீர்கள்.

வெள்ளைத் தலைத்துணிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் வைக்கலாமா? 1834-ல் சைனீஸ் ஒயிட் என்ற நல்ல துத்தநாக வெள்ளை கடைக்கு வந்தது, ஓவியர்கள் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஆகவே அது தவறில்லை. ஆனால் காகிதத்தின் வெள்ளைக்கு இருக்கிற ஒளி பெயின்ட்டுக்கு வராது. முன்கூட்டியே இடம் விட மறந்திருந்தால் அந்தக் காலத்து வேறொரு வழி இருக்கிறது. வேண்டிய வடிவத்தை வெறும் தண்ணீரால் வரைந்து, சில நொடி ஊறவிட்டு, துணியால் ஒற்றி, காய்ந்த ரொட்டித்துண்டால் தேய்த்து எடுப்பார்கள். இன்று ரொட்டிக்குப் பதில் மிருதுவான ரப்பர் போதும். வாய்க்கால் தண்ணீரின் மினுக்கல், ஓட்டு விளிம்பு மாதிரியான கூர்மையான சின்ன வெளிச்சங்களுக்குப் படம் முழுசாகக் காய்ந்தபிறகு பிளேடு முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். சுரண்டிய இடத்தில் மறுபடி வாஷ் போட்டால் அழுக்காகப் பிடிக்கும் என்பதால் இது கடைசி வேலை.

முடிந்தபின்

ஓரத்தில் 'சாமுவேல் ப்ரௌட்டைப் பார்த்து வரைந்தது' என்று பென்சிலில் எழுதித் தேதி போடுங்கள். இணையத்தில் போடும்போதும் அதைச் சொல்லிவிடுங்கள். ஃப்ரேம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) வைக்கச் சொல்லுங்கள், ஈரப்பதமான ஊர்களில் தொட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். மியூசியங்களே நீர்வண்ணங்களை ஏறக்குறைய 50 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில், அதுவும் கொஞ்ச காலம் மட்டும் காட்சிக்கு வைத்துவிட்டுப் பெட்டிக்குள் எடுத்துவிடுகின்றன.

அடுத்த படமும் ப்ரௌட்டாகவே இருக்கட்டும், இந்தமுறை நிழல் எதிர்ப்பக்கம் விழும் தெரு. அதற்கப்புறம் பாய்ஸின் பாரிஸ் காட்சிகள். அவற்றில் கோடு குறைவு, வாஷ் அதிகம், வானத்துக்கும் நிறைய இடம். அந்த வாஷ்கள் திட்டில்லாமல் விழத் தொடங்கியபிறகு பானிங்டனை எடுக்கலாம்.